பாய் செய்யிறதில்ல, இழைக்கிற

ஒரு புள்ளைட கொப்பியில நான் போட்ட சிவப்புக் கோடு ஒண்டு ரெண்டு மாசமா மனசுக்குள்ள கிடந்து அரிச்சுக்கொண்டே இருக்கு. எழுதினாத்தான் இறங்கும் போல, அதான் இது. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில ஓ.எல். சோதினைக்குப் படிக்கிற புள்ளையளுக்குப் பின்னேரத்துல இங்கிலீஸ் ரியூசன் குடுக்கிறன். உங்கட அம்மம்மாவப் பத்திப் பத்து வசனம் எழுதுங்க எண்டு குடுத்த இடத்துல, மண்டூர்ப் பக்கமிருந்து வாவிக்குக் குறுக்கால பாதை எண்டு நாங்க சொல்ற மிதவைப் படகு ஏறி வாற ஒரு பொம்புளப் புள்ள "மை கிரான்மதர் டஸ் மெட்ஸ்" எண்டு எழுதியிருந்தா. நான் யோசிக்கவே இல்ல, "டஸ்" எண்டதச் சிவப்பால வெட்டிப்போட்டு மேல "மேக்ஸ்" எண்டு எழுதிக் குடுத்தன். இந்தப் பதினைஞ்சு வருசத்துல ஆயிரம் கொப்பியில இதே திருத்தம் போட்டிருப்பன். அவ கொப்பிய வாங்கிப் பாத்திட்டு இருக்காம எழும்பி நிண்டா. "சேர், டூ எண்டாலும் செய்யிற, மேக் எண்டாலும் செய்யிற எண்டுதானே நீங்க போர்ட்ல எழுதித் தந்த, அப்ப இது எப்பிடிப் பிழை?" நான் சொன்ன பதில் இதுதான்: "அது அப்பிடித்தான் மகள், எங்க டூ வரும் எங்க மேக் வரும் எண்டு பாடமாக்குங்க." அவ இருக்கப் போனவ திரும்பி இன்னொண்டு சொன்னா, சத்தமா இல்ல, தனக்குள்ள சொல்ற மாதிரி. "எங்கட அம்மம்மா பாய் செய்யிறல்ல சேர், இழைக்கிற."

அண்டைக்கு ராவு நித்திரை இல்ல. புள்ள கேட்டது சரியான கேள்வி, நான் குடுத்தது பதிலே இல்ல. ரூல் எனக்குத் தெரியாம இல்ல. ஒரு வேலையச் செய்து முடிச்சாப் போதும் எண்டா டூ, செய்து முடிக்கக்குள்ள ஒரு பொருள் கையில மிஞ்சினா மேக் எண்டு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். ஹோம்வேர்க் டூ, கேக் மேக். ஆனா அந்த ரூல் பத்து வசனம் தாங்காது. ஃபோன் கோல் மேக் எண்டுறாங்க, அதுல என்ன பொருள் மிஞ்சுது? விடிய எழும்பிக் கட்டில விரிக்கிறதுக்கும் மேக் எண்டுறாங்க, கட்டில் நேத்தும் அங்கதானே கிடந்த. பிழை விடுறது மேக், வாக்குக் குடுக்கிறது மேக், சத்தம் போடுறது மேக், முடிவெடுக்கிறது மேக், சமாதானமாகுறதும் இல்லாத கதையக் கட்டுறதும் மூஞ்சிக்குப் பவுடர் பூசுறதும் மூண்டும் மேக் அப். ஃபோன எடுத்து நோண்டினன். ஒக்ஸ்போர்ட் பேரகராதியில 1989 பதிப்பில ஆக நீளமான விளக்கம் உள்ள சொல் "செட்" தானாம். மறுகா அவங்க எம் எழுத்துல தொடங்கித் திருத்திக்கொண்டு வரக்குள்ள 2000ல "மேக்" முதலிடத்துக்கு வந்திருக்கு, 2007ல "புட்" அத முந்தி, 2011ல "ரன்" 645 அர்த்தத்தோட அதையும் முந்தியிருக்கு. அகராதியில ஒரு காலம் ஆக நீளமா இருந்த சொல்ல நான் "செய்" எண்ட ஒரு ரெண்டெழுத்துக்குள்ள அடைச்சு போர்ட்ல எழுதிப்போட்டுப் பாடமாக்கச் சொல்லியிருக்கன்.

தமிழ்ல செய் எண்ட ஒரு சொல்தானே இருக்கு, அதனாலதான் எங்கட புள்ளையளுக்கு இது ஏறுதில்ல எண்டு ஒரு கதை ரீச்சர்மாருக்குள்ள இருக்கு. நானும் அத நம்பின ஆள்தான். ஜெர்மன்காரரும் ரெண்டுக்கும் பொதுவா "மாகன்" எண்ட ஒரே சொல்லத்தான் கூடுதலாப் பாவிக்கிறாங்க, பிரெஞ்சுக்காரருக்கு "ஃபேர்" எண்டு ஒண்டுதான். அவங்கட புள்ளையளுக்கும் இதே இடத்துலதான் கால் இடறும். ஆனா தமிழ்ல ஒரு சொல்தான் இருக்கு எண்டது சுத்தப் பிழை. அது வடிவாத் தெரிஞ்சிருக்கவேண்டிய ஆள் நான். ஏனெண்டா இதே மேக்கால ஒரு மனுசிக்கு நான் செய்த ஒரு பிழை இருக்கு, இருபது வருசமா ஒருத்தருக்கும் சொல்லாதது.

கல்லாத்து முகாமில ஒரு கேள்வி

சுனாமி அடிச்ச அடுத்த வருசம், 2005. எனக்கு அப்ப இருபது வயசு, ஏ.எல். முடிச்சிட்டுச் சும்மா இருந்தன். இங்கிலீஸ் கொஞ்சம் வரும் எண்டதால ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனாங்க, நாள் சம்பளத்துக்கு. கல்லாத்துப் பக்கம் ஒரு முகாம். தகரக் கொட்டில், உள்ளுக்க அடுப்பு மாதிரி வெக்கை. ஒரு வெள்ளைக்காரப் பொம்புள ஃபோர்ம் அட்டைய மடியில வைச்சுக்கொண்டு கேள்வி கேப்பா, நான் தமிழ்ல கேட்டுப் பதில இங்கிலீஸ்ல சொல்லணும். பேர், வயசு, எத்தின புள்ளை, ஆர் செத்த, ஆரக் காணல்ல. அந்தக் கேள்வியளுக்கு மொழிபெயர்ப்பு பெருசாத் தேவைப்படல்ல, கண்ணப் பாத்தாலே விளங்கும். மறுகா அவ "வட் டூ யூ மேக் இன் எ மன்த்" எண்டு கேட்டா. அதுக்கு முன்னுக்கு வந்த கேள்வி எல்லாம் வீட்டுச் சாமான், தொழில், உபகரணம் எண்டு போயிருந்ததால, மாசத்துல என்ன சாமான் செய்வீங்க எண்டு கேக்கிறா எண்டு எடுத்துக்கொண்டன். "மாசத்துல என்னெல்லாம் செய்வீங்க அம்மா?" எண்டு கேட்டன்.

அந்த அம்மாவுக்கு ஒரு அம்பது வயசிருக்கும். சீலைத் தலைப்பச் சுருட்டிச் சுருட்டி விரல்ல சுத்திக்கொண்டே சொன்னா. வெள்ளன எழும்பிப் பிட்டு அவிச்சுக் கடைக்குக் குடுப்பன் தம்பி, மறுகா இவர் கொண்டுவாற மீன்ல மிஞ்சினத வெட்டிக் கருவாடு போடுவன், வலை கிழிஞ்சா இருந்து பொத்துவன், தென்னோலை கிடைச்சாக் கிடுகு பின்னுவன், மாரியில பாய் இழைப்பன், வருசம் பொங்கலுக்குப் பலகாரம் சுடக் கூப்பிடுவாங்க போய்ச் சுட்டுக் குடுப்பன். இவ்வளவத்தையும் அவ ஒரு மூச்சுல சொல்ல, எனக்கு இங்கிலீஸ்ல ஒரு வினையும் வாயில வரல்ல. கருவாடு போடுறதுக்கு என்ன, வலை பொத்துறதுக்கு என்ன, கிடுகு பின்னுறதுக்கு என்ன? "ஷீ டஸ் ஹவுஸ் வேர்க் அண்ட் சம் ஸ்மோல் திங்ஸ்" எண்டன். வீட்டு வேலையும் சில சின்னச் சின்ன விசயமும். வெள்ளைக்காரப் பொம்புள அன்பாச் சிரிச்சிட்டு ஒரு பெட்டிக்குள்ள ஒரு வட்டம் போட்டா. அவ தாளப் புரட்டக்குள்ளதான் அந்தப் பெட்டிக்கு மேல இருந்த தலைப்பக் கண்டன். மாத வருமானம். உள்ளுக்க பூச்சியம்.

அந்த நிமிசம் விளங்கிட்டுது. அவ கேட்டது மாசம் எவ்வளவு உழைப்பீங்க எண்டு. எங்கட ஊர்ல ஒரு சின்னப் புள்ளையும் காசப் பத்திக் கதைக்கக்குள்ள உழைக்கிற எண்டுதான் சொல்லும், எனக்கு அந்தச் சொல் வராமப் போயிட்டு. விளங்கியும் நான் வாய் திறக்கல்ல. வெளிய இன்னும் நாப்பது பேர் வெயிலுக்குள்ள நிக்கிறாங்க, பிழை எண்டு சொன்னா நாளைக்கு என்னக் கூப்பிடமாட்டாங்களோ எண்டு ஒரு பயம். அவ அடுத்த கேள்விக்குப் போனா, நானும் போனன். நாலஞ்சு மாசம் கழிச்சுச் சுயதொழில் செய்தவங்களுக்கு உதவி எண்டு ஒரு லிஸ்ட் வந்துது, அதுல அந்த அம்மாட பேர் இல்ல. அந்தப் பூச்சியத்தாலதான் இல்லாமப் போச்சுதா, வேற காரணமா எண்டு எனக்குத் தெரிய வழியில்ல. ஆனா ஒரு மனுசி தன்ர ஆறு தொழில ஆறு வினையில சொல்ல, ஸ்மோல் திங்ஸ் எண்டு சுருக்கினவன் நான். அவட வாயில இருந்தது சின்ன விசயமில்ல. என்ர இங்கிலீஸ்தான் சின்னன்.

ரியூசன் புள்ள "இழைக்கிற" எண்டு சொன்னோடன எனக்கு அந்தச் சீலைத் தலைப்புத்தான் ஞாபகம் வந்த.

பாதை ஏறி மண்டூருக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருமன்வெளித் துறையில பாதை ஏறி அந்தப் பக்கம் போனன். புள்ளைட அம்மாவுக்கு ஏற்கனவே கோல் எடுத்துச் சொல்லியிருந்தன், அம்மம்மா பாய் இழைக்கிறத ஒருக்காப் பாக்கணும் எண்டு. வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையில இருக்கிற எங்களுக்கு மேற்குப் பக்கத்துப் படுவான்கரை எண்டா வயல், கோயில், திருவிழா, அவ்வளவுதான். மண்டூர் முருகன் கோயிலுக்கு வருசத்துல ஒருக்காப் போறதோட சரி.

அம்மம்மா விறாந்தையில இருந்தா. முடிஞ்ச பக்கத்த இடது குதிக்காலால அமத்திக்கொண்டு, முன்னுக்கு விரிஞ்சு கிடக்கிற பன்னுல, பாய் இழைக்கிற அந்த நீட்டுப் புல்லுல, ஒண்டு விட்டு ஒண்டத் தூக்கி, குறுக்கால ஒரு பன்ன ஓடவிட்டு, பெருவிரல் நகத்தால இறுக்கித் தள்ளுறா. தள்ளுற நேரம் சரக் எண்டு ஒரு சத்தம், அந்தச் சத்தம் வந்தாத்தான் அடுத்தது. பக்கத்துல ஒரு சிரட்டையில தண்ணி, இடைக்கிடை விரல நனைச்சுப் பன்னத் தடவுறா, காஞ்ச பன் மடிக்கக்குள்ள முறிஞ்சிருமாம். சிவப்பு ரெண்டு, வெள்ளை நாலு, மறுகா சிவப்பு. எண்ணுற மாதிரியும் தெரியல்ல, ஒரு இடத்துலயும் பிழைக்கவுமில்ல. நான் வாய் தவறி, "ஒரு பாய் செய்ய எத்தின நாள் செல்லும் அம்மா?" எண்டு கேட்டன். கை நிக்காமலே சொன்னா. "செய்யிற எண்டா செய்வினை செய்யிறதுதான் மனே. பாய் இழைக்கிற." மட்டக்களப்பார் வந்தவங்கள மந்திரத்தால பாயோட ஒட்ட வைச்சிருவாங்க எண்டு வெளியூர்ல சொல்ற கதை எங்களுக்கெல்லாம் தெரியும், அத நினைச்சுத்தானோ என்னவோ அவட மகள் குசினிக்குள்ள இருந்து சிரிச்சா.

பன்ன இழைக்கிறதுக்கு முன்னுக்கு எவ்வளவு இருக்கு எண்டு அவ சொல்லச் சொல்லத்தான் தெரிஞ்சுது. தண்ணிக்குள்ள இறங்கி வெட்டணும், வெயில்ல காய வைக்கணும், நீளம் கட்டை எண்டு பிரிக்கணும், சாயத்துல போட்டு அவிக்கணும், திரும்பக் காய வைக்கணும், பிறகுதான் இழைக்கிறதாம், கடைசியா ஓரம் மடிக்கிறதாம். இங்கிலீஸ்காரன் இவ்வளவத்தையும் மேக்ஸ் எண்டு ஒரு சொல்லுக்குள்ள போட்டுட்டுப் போயிருவான். அது அவன்ட மொழிக்கு வசதி, நான் குறை சொல்லல்ல. எங்கட மொழிட வசதி வேற மாதிரி. சட்டி வனையிற, கயிறு திரிக்கிற, சாரன் நெய்யிற, கூரை வேயிற, தோசை சுடுற, இடியப்பம் அவிக்கிற, கஞ்சி காய்ச்சுற, தேத்தண்ணி ஊத்துற. வீடும் தோணியும் கட்டுற, கூத்தும் பாட்டும் கூடக் கட்டுற. கை என்ன அசைவு அசையுதோ அதத்தான் சொல்லும். வினையக் கேட்டாலே கை எப்பிடிப் போகும் எண்டு கண்ணுக்கு வரும்.

மாசம் எவ்வளவு உழைப்பீங்க எண்டு கேட்டன். அந்தக் கேள்விய ஒருக்கா எண்டாலும் சரியா ஒருத்தரிட்டக் கேக்கணும் எண்டு இருந்துது எனக்கு. "மழை வந்தா பன் காயாது மனே, அந்த மாசம் ஒண்டுமில்ல. வெயிலெண்டா நாலஞ்சு பாய் இழைப்பன், ரெண்டு விலைப்படும்" எண்டா. மறுகா உள்ளுக்கத் திரும்பி, "சோறாக்கியாச்சா புள்ள? சேர் தின்னுட்டுப் போகட்டும்" எண்டா.

சோறாக்கு, பாடமாக்கு

திரும்பி வரக்குள்ள பாதையில சைக்கிள்காரர் ரெண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள், நான். காத்து நல்லா அடிச்சது. வயிறு நிரம்ப வாவி மீனும் சோறும். சோறாக்கியாச்சா எண்ட சொல் மட்டும் காதுக்குள்ளயே நிண்டுது. நாங்க சோறு செய்யிறல்ல, ஆக்குற. அரிசி சோறாகுது, நாங்க அரிசியச் சோறாக்குறம். ஆகு, ஆக்கு. ஓடு ஓட்டு, ஆடு ஆட்டு, நீங்கு நீக்கு மாதிரி. தானா நடக்கிறத நாம நடத்துறதுக்குக் கடைசி எழுத்த வல்லினமா இரட்டிச்சு அழுத்தினாப் போதும். அப்ப மேக்குக்குத் தமிழ் செய் இல்ல, ஆக்கு! பதினைஞ்சு வருசமா நான் தேடின சாவி எங்கட குசினியில ரெண்டு நேரமும் சொல்லுப்படுற ஒரு சொல்.

பாதையிலயே ஃபோன்ல ஒவ்வொண்டா எழுதிப் பாத்தன். மேக் ஹேர் ஹப்பி, அவளச் சந்தோசமாக்கு. மேக் இட் க்ளீன், சுத்தமாக்கு. மேக் ஹிம் எ டொக்டர், அவன டொக்டராக்கு. எங்கட அம்மாமார் புள்ளைய ஆளாக்கணும் எண்டு சொல்லுவாங்களே, அத அப்பிடியே மேக்ல சொல்லலாம். ரெண்டும் ரெண்டும் நாலாகும், அதுக்கும் அவங்க மேக்தான் போடுவாங்க, அங்க ஆக்கு இல்ல ஆகு. ஆக, ஒண்ட இன்னொண்டா மாத்துற இடமெல்லாம் ஆக்கு வந்து அப்பிடியே குந்துது. அதுக்குள்ளதான் அந்தப் புள்ளைக்கு நான் சொன்ன சொல் ஞாபகம் வந்துது. பாடமாக்குங்க. அவ கேட்ட கேள்விக்கு விடை நான் சொன்ன அந்தச் சொல்லுக்குள்ளயே இருந்திருக்கு, சொன்ன எனக்குத்தான் கேக்கல்ல. எங்கட பக்கம் காரைதீவுல 1892ல பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் உண்டாக்கின வேலைக்கும் கலைச்சொல்லாக்கம் எண்டுதான் பேர். ஆக்கு எண்டது அடுப்படியிலயும் இருக்கும், அறிஞர்ட மேசையிலயும் இருக்கும்.

எல்லாத்துக்கும் இது சரிவராது, அதையும் சொல்லணும். ஒருத்தர அழ வைக்கிறதுக்கும் மேக்தான், அங்க எங்களுக்கு வைக்கிற வேணும். மேக் ஹிம் க்ரை எண்டக்குள்ள நடுவுல ரு (to) வராது, ஆனா ஹீ வோஸ் மேட் ரு க்ரை எண்டு திருப்பினா ரு வந்து நிக்கும், இது பரீட்சையில வருசா வருசம் புள்ளையள் பிழை விடுற இடம். மேட் ஒஃப், மேட் ஃப்ரொம் ரெண்டுக்கும் மட்டும் எங்கட ஊர்ல நல்ல உதாரணம் இருக்கு. பாயப் பாத்தா பன் பன்னாவே தெரியுது, அப்ப ஒஃப். தயிருக்குள்ள பால எங்க தேடுற? அது மாறிப்போயிட்டு, அப்ப ஃப்ரொம். எருமைத் தயிர்ச் சட்டியையும் பாயையும் மேசையில வைச்சாப் பாடம் முடிஞ்சுது. மற்றதுகள், பிழை விடுற, முடிவெடுக்கிற, சத்தம் போடுற எல்லாம் அப்பிடியே சோடி சோடியாப் பழகத்தான் வேணும், அதுக்குக் குறுக்கு வழி இல்ல.

இன்னொண்டும் அண்டைக்கு ராவு தேடக்குள்ள கண்டன். இந்த மேக் பழைய இங்கிலீஸ்ல "மகியன்" எண்டு இருந்த சொல்லாம். மேக்ட் எண்டு இருந்த இறந்தகாலம் நடுவுல க தேஞ்சுதான் மேட் ஆகியிருக்கு. அதுக்கும் பின்னால போனா, பிசையிறது குழைக்கிறது எண்ட கருத்துள்ள ஒரு வேர்ல கொண்டுபோய் விடுறாங்க சொல் ஆராய்ச்சிக்காரர். எரிமலைக் குழம்புக்குச் சொல்ற மக்மாவும் கிரேக்கத்தால வந்த அதே வேர்தானாம். என்ர மனுசி அப்ப ரொட்டிக்கு மா குழைச்சுக்கொண்டு நிண்டா. விரல் இடுக்கால மா பிதுங்கிப் பிதுங்கி வந்துது. இங்கிலீஸ்ல இவ்வளவு பெரிசா வளந்த சொல்லும் ஒரு காலம் எங்கட இழைக்கிற, வனையிற மாதிரி ஒரு கையசைவாத்தான் இருந்திருக்கு.

எனக்குக் கவலை இப்ப எங்கட பக்கம். "கேக் மேக் பண்ணினம், வீடியோ மேக் பண்ணுறம், பாட்டி பாய் மேக் பண்ணுவா" எண்டு ரவுணுக்குள்ள புள்ளையள் கதைக்கிறத ஒவ்வொரு நாளும் கேக்கிறன். இங்கிலீஸ் சொல் வாறத நான் எதிர்க்கல்ல, வீடியோவுக்கு மேக் எண்டாலும் எடுக்கிற எண்டாலும் எனக்கு ஒண்டுதான். இழைக்கிற எண்ட சொல் போனா அந்த நகத்தால தள்ளுற சரக் சத்தமும் சொல்லோட சேந்து போயிரும் எண்டதுதான் என்ர பயம். அந்தப் புள்ள "டஸ்" எண்டு எழுதினது பிழைதான். ஆனா இழைக்கிறதுக்கு இங்கிலீஸ்ல "வீவ்ஸ்" எண்டு ஒரு சொல் இருக்கு, நான் அதத்தான் மேல எழுதிக் குடுத்திருக்கணும்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போய் முதல் வேலையா அந்தக் கொப்பிய வாங்கினன். மேக்ஸ் எண்ட சிவப்பெழுத்த நானே வெட்டிப்போட்டு வீவ்ஸ் எண்டு எழுதினன். அவ பாத்திட்டு ஒண்டும் சொல்லல்ல, கொப்பிய மூடி மடியில வைச்சுக்கொண்டா. மறுகா போர்ட்ல இருந்த பழைய லிஸ்ட அழிச்சன். உதாரண வசனம் எண்டு போட்டு, முதலாவதா அந்த முகாம் கேள்வியத்தான் எழுதின. வட் டூ யூ மேக் இன் எ மன்த். அதுக்குக் கீழ, மாசம் எவ்வளவு உழைப்பீங்க எண்டு எழுதி, எல்லாரையும் ரெண்டு தரம் சத்தமா வாசிக்கச் சொன்னன்.